ஆறாத சர்க்கரைப் புண்ணுக்குக் கடலிலிருந்து வரும் கட்டுகள்: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வந்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை என்றால், மருந்துச்சீட்டில் அதுவரை கேள்விப்படாத பெயர்கள் வர ஆரம்பிக்கும். ஆல்ஜினேட், கைட்டோசான், கொலாஜன். பெரிய மருத்துவமனையாக இருந்தால் மீன் தோல். பெரும்பாலும் கடல் சரக்குதான்: கடற்பாசி, இறால் ஓடு, மீன். விலை சில நூறு ரூபாயில் ஆரம்பித்து லட்சத்தைத் தொடும். டிரெஸ்ஸிங் அறையில் வேலை பார்க்கிறவர்களிடம் நோயாளியின் மகனோ மகளோ சீட்டை நீட்டி, "இதுல எது சார் நல்லது?" என்று கேட்காத வாரம் இருக்காது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் 'நல்லது' என்று ஒன்று கிடையாது. புண் இன்றைக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. நீர் கொட்டுகிறதா, ரத்தம் கசிகிறதா, அல்லது சுத்தமாகச் சிவந்திருந்தும் மூடாமல் அப்படியே நிற்கிறதா? ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. அப்புறம் இன்னொன்று: இந்த நான்கில் 'புண்ணை மூட வைக்கும்' என்பதற்குக் கொஞ்சம் உறுதியான மனிதச் சோதனை இருப்பது மீன் தோலுக்கு மட்டும்தான். மற்றவை புண்ணைப் பராமரிக்கும். பராமரிப்பது சின்ன வேலை இல்லை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கடையில் இரண்டையும் ஒரே குரலில்தான் விற்பார்கள்.

ஆல்ஜினேட்: நீர் வடியும் புண்ணுக்கு

பழுப்பு நிறக் கடற்பாசியின் செல் சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிதான் ஆல்ஜினேட். பிரிட்டிஷ் வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு ஸ்காட்லாந்துக் கடற்பாசியிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 1881இல் காப்புரிமை வாங்கினார். நம் ராமநாதபுரம் கரையில் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கி எடுக்கும் கட்டக்கோரையிலும் பக்கோடா பாசியிலும் இதே பொருள்தான் இருக்கிறது. ஆனால் அங்கே எடுப்பது பெரும்பாலும் துணிக்குச் சாயம் அச்சிடவும் உணவைக் கெட்டியாக்கவும் போகிறது. புண்ணுக்கு வைக்கும் ஆல்ஜினேட்டின் சுத்தம் வேறு தரம். கிருமியின் நச்சு மிச்சம்கூட அதில் இருக்கக் கூடாது.

உறையைப் பிரித்தால் வெள்ளைக் கம்பளிப் பஞ்சை அழுத்தி வைத்தது போல இருக்கும். அதில் இருப்பது கால்சியம் ஆல்ஜினேட். புண்ணிலிருந்து வடியும் நீரில் சோடியம் உண்டு. நீர் பட்டதும் சோடியம் உள்ளே போய்க் கால்சியம் வெளியே வரும், இழைகள் வீங்கிக் கூழாகிவிடும். தன் எடையைப் போல் 15 முதல் 20 மடங்கு நீரை இழுத்துக்கொள்ளும். வெளியே வரும் கால்சியம் ரத்தம் உறையவும் கொஞ்சம் உதவும். காஸ் துணி காய்ந்து புண்ணோடு ஒட்டிப் பிய்க்கும்போது புதுச் சதையும் சேர்ந்து வருமே, அந்தக் கொடுமை இதில் கிடையாது. சலைனை ஊற்றினால் கூழ் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

முதல் தடவை கட்டைப் பிரிக்கும் குடும்பத்தினர் பயந்துபோவது இங்கேதான். பழுப்பும் மஞ்சளுமாக வழவழவென்று ஏதோ கிடக்கும், லேசாகக் கடற்கரை வாடையும் அடிக்கும். "சீழ் பிடிச்சிருச்சு" என்று உடனே போன் வரும். சலைனால் கழுவிப் பாருங்கள். அடியில் சதை சிவப்பாக இருந்து, சுற்றித் தோல் வீங்காமல், சூடில்லாமல் இருந்தால் அது கூழ்தான். கழுவிய பிறகும் நாற்றம் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

எல்லா ஆல்ஜினேட்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாசியின் வகையையும் அதில் எந்தச் சர்க்கரை அதிகம் என்பதையும் பொறுத்து, சில பிராண்டு கொழகொழவென்று கரைந்து கழுவ வரும். சில பிராண்டு உருக்குலையாமல் ஒரே துண்டாக வரும். ஆழமான குழிப்புண்ணுக்கு இரண்டாவது வகைதான் நல்லது, அதிலும் கயிறு வடிவத்தில் வருவது. உள்ளே இழை தங்கிவிட்டால் அதுவே தொல்லை. உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாத ஊசித்துளைப் புண்ணுக்குள் இதைத் திணிக்கவே கூடாது.

காய்ந்த புண்ணுக்கும், கறுத்துப் பொருக்குத் தட்டிய விரலுக்கும் ஆல்ஜினேட் வேண்டாம். இழுக்க நீரே இல்லாத இடத்தில் அது இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். நடைமுறையில் நான் அதிகம் பார்க்கும் வீண்செலவு இதுதான். ஆரம்பத்தில் நீர் கொட்டியபோது எழுதிக்கொடுத்த ஆல்ஜினேட்டை, புண் காய்ந்த பிறகும் அதே சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருப்பார்கள். கட்டைப் பிரிக்கும்போது பஞ்சு பஞ்சாகவே, கூழாகாமல் வந்தால் அந்தப் பொருளின் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, புண் இதனால் சீக்கிரம் ஆறுமா? 2013இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு (பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடும் சர்வதேச அமைப்பின் அறிக்கை), நீரிழிவுப் பாதப் புண்ணில் ஆல்ஜினேட்டைச் சோதித்த 6 ஆய்வுகளை, மொத்தம் 375 நோயாளிகளை, அலசியது. சாதாரணக் கட்டைவிடவோ ஃபோம் கட்டைவிடவோ இது சீக்கிரம் ஆற்றுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கறாராக, புண்ணை ஆற்றும் நோக்கத்தில் ஆல்ஜினேட்டோ கொலாஜனோ வைக்க வேண்டாம் என்கிறது. அதனால் இதை மருந்தாக நினைத்து வாங்காதீர்கள். நீரை உறிஞ்சும் நல்ல கட்டு என்று நினைத்து வாங்குங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை காஸ் மாற்றிக்கொண்டிருந்தவர் இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்றால், அந்தச் சில நூறு ரூபாய் நியாயமான செலவுதான்.

கைட்டோசான்: ரத்தம் கசியும் நாளுக்கு

இறாலை உரித்தால் தலையும் ஓடுமாக எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் குப்பைக்குப் போகும். அந்த ஓட்டை அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் போட்டுப் புரதத்தை நீக்கினால் கைட்டின். அதைக் கடும் காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தச் செய்முறையில் நீண்ட காலமாக வேலை செய்துவருகிறது. இந்தியாவிலேயே கைட்டோசான் கட்டுகள் தயாராகின்றன, ஆக்ஸியோஸ்டாட் ஓர் உதாரணம். இந்த ஒரு விஷயத்தில் இறக்குமதி விலைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இதன் உண்மையான பலம் ரத்தத்தை நிறுத்துவது. கைட்டோசானுக்கு நேர்மின்னேற்றம், சிவப்பணுவின் மேற்பரப்புக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டு அடைப்புப் போடும். உடலின் சொந்த உறைதல் ஏற்பாட்டை இது நம்பியிருப்பதில்லை. அமெரிக்க ராணுவம் 2003 வாக்கில் போர்க்களத்துக்கு இதை எடுத்துப்போனதற்குக் காரணம் அதுதான். நம் நோயாளிகளுக்கும் அதே காரணம் பொருந்தும். சர்க்கரையோடு இதய நோயும் இருப்பவர்களில் பாதிப் பேராவது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவர்களாக இருப்பார்கள். செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்த அன்றைக்குச் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும். அழுத்திப் பிடித்தும் நிற்காத அந்தக் கசிவுக்கு கைட்டோசான் பொருத்தமானது. கிருமியை ஓரளவு அடக்கும் குணமும் உண்டு, ஆனால் அதை நம்பி ஆன்டிபயாடிக்கை நிறுத்தக் கூடாது.

தினசரிக் கட்டாக மாதக்கணக்கில் வைப்பதற்கு? சின்னச் சின்னச் சோதனைகள் சாதகமாகச் சொல்கின்றன. அதை வைத்துப் பெரிதாகச் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறால் சாப்பிட்டால் அலர்ஜி இருப்பவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அலர்ஜியைத் தூண்டும் புரதம் இறாலின் சதையில்தான் இருக்கிறது, நன்றாகச் சுத்திகரித்த கைட்டோசானில் இருக்காது என்பது சரிதான். ஆனாலும் கேட்டுக்கொண்டு வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கொலாஜன்

இதில் கடல் எவ்வளவு, மாடு எவ்வளவு என்று உறையைப் படித்தால்தான் தெரியும். பல தயாரிப்புகள் மாட்டிலிருந்து வருபவை, சில மீனிலிருந்து. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கூறல் மீன் சிக்கினால் செய்தித்தாளில் வருகிறதே, அதன் வயிற்றிலிருக்கும் நெட்டிக்காகத்தான் அந்த விலை. நெட்டி முழுக்கக் கொலாஜன்தான். மாடு, பன்றி வேண்டாம் என்கிற குடும்பங்களுக்கு மீன் கொலாஜன் சௌகரியம். மீனும் வேண்டாம் என்பவர்களுக்கு இந்தப் பட்டியலில் ஆல்ஜினேட் ஒன்றுதான் மிச்சம்.

ஆறாத புண்ணில் சதையைக் கரைக்கும் நொதிகள் அளவுக்கு மீறிச் சுரந்து, புதிதாக உருவாகும் திசுவையும் தின்றுவிடுகின்றன. வெளியிலிருந்து கொலாஜனை வைத்தால் நொதிகள் அதைத் தின்னட்டும், நம் சதை தப்பிக்கும் என்பதுதான் யோசனை. யோசனை அழகாக இருக்கிறது, சோதனை முடிவுகள் அவ்வளவு அழகாக இல்லை. 2023 வழிகாட்டுதல் என்ன சொல்கிறது என்று மேலேயே பார்த்தோம். மீன் கொலாஜனில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்கடல் மீனின் கொலாஜனைத் தனியாகப் பிரித்தெடுத்தால் அது நம் உடல் சூட்டைத் தாங்காது, உருகி ஜெலட்டினாகிவிடும். அதை வேதிமுறையில் பிணைத்துக் கெட்டிப்படுத்த வேண்டும். வெப்பக் கடல் மீன் இந்த விஷயத்தில் பரவாயில்லை. அழகுக்காகக் குடிக்கும் கடல் கொலாஜன் பவுடருக்கும் புண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அதை வாங்கித் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மீன் தோல்: விலையும் ஆதாரமும்

ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில் ஈசாஃபியோர்டுர் என்ற மீன்பிடி ஊர். அங்கே தொடங்கிய கெரசிஸ் நிறுவனம், வட அட்லாண்டிக் காட் மீனைத் துண்டு போட்ட பிறகு மிஞ்சும் தோலை மருத்துவப் பொருளாக்கியது. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விற்பனைக்கு அனுமதித்தது. 2023இல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் நிறுவனம் சுமார் 130 கோடி டாலருக்குக் கெரசிஸை வாங்கியது. மீன் தோலுக்கு அந்த விலை!

இதன் சூட்சுமம் கொலாஜன் மட்டுமல்ல. மாடு, பன்றித் தோலிலிருந்து மனிதனுக்கு நோய்க்கிருமி தாவும் ஆபத்து உண்டு. அதைக் கொல்லக் கடுமையான ரசாயனத்தில் ஊறவைக்க வேண்டும். அதில் தோலின் கொழுப்பும் நுண்ணமைப்பும் போய்விடும். குளிர்கடலில் வாழும் காட் மீனிலிருந்து மனிதனுக்குத் தாவும் வைரஸ் எதுவும் தெரிந்தவரை இல்லை. அதனால் செதிலையும் செல்களையும் மட்டும் மென்மையாக நீக்கி, உறைய வைத்து உலர்த்தினால் போதும். ஒமேகா-3 கொழுப்பு உட்பட மிச்சமெல்லாம் அப்படியே இருக்கும். துளைகள் நிறைந்த அந்தச் சட்டத்துக்குள் நோயாளியின் சொந்த செல்கள் ஏறி வளரும். பயன்படுத்தும்போது அட்டை போல் விறைப்பாக இருக்கும் துண்டைச் சலைனில் நனைத்தால் துவளும். புண்ணின் அளவுக்கு வெட்டி, சுத்தம் செய்த புண்ணில் நேராகப் படிய வைத்து, தையலோ ஸ்டேபிளோ போட்டு மேலே கட்டுவார்கள். பல நாளில் அது கரைந்து சதையோடு சேர்ந்துவிடும், தேவைப்பட்டால் மறுபடி ஒரு துண்டு. மீன் அலர்ஜி இருப்பவர்களுக்கு வைக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் 102 பேரிடம் நடந்த சோதனையில், 12 வாரத்தில் மீன் தோல் வைத்தவர்களில் சுமார் 57 சதவீதத்தினருக்குப் புண் மூடியது. ஒப்பிட்ட பக்கத்தில் சுமார் 31 சதவீதம். ஒப்பிட்டது வெறும் காஸோடு அல்ல, கொலாஜனும் ஆல்ஜினேட்டும் கலந்த கட்டோடு என்பதைக் கவனியுங்கள். கடலின் இரண்டு சரக்கு நேருக்கு நேர் மோதியதில் மீன் தோல் ஜெயித்தது. ஆனால் அவை மேலோட்டமான புண்கள். அடுத்ததாக ஐரோப்பாவில், தசைநார், எலும்பு வரை இறங்கிய ஆழமான புண் உள்ள 255 பேரிடம் சோதித்தார்கள். 16 வாரத்தில் மூடியது 44 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 26 சதவீதம். இரண்டுமே தயாரிப்பாளரின் பங்கோடு நடந்தவை, யாருக்கு எது வைத்தார்கள் என்பதை நோயாளியிடமிருந்தோ மருத்துவரிடமிருந்தோ மறைத்து வைக்க முடியாத சிகிச்சை வேறு. அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் லேசானதல்ல.

அதே எண்ணைத் திருப்பிப் படியுங்கள். இவ்வளவு விலை கொடுத்தும் ஆழமான புண்ணில் பாதிக்கு மேல் 16 வாரத்தில் மூடவில்லை. விற்க வருகிறவர் இந்தப் பக்கத்தைக் காட்ட மாட்டார்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் மீன் தோல் படங்கள் பெரும்பாலும் இதுவல்ல. அவை பிரேசிலின் ஃபோர்டலேசா நகரில் தீக்காயத்துக்குத் திலாப்பியா தோல் வைத்த படங்கள். நம் ஊர் ஜிலேபி மீன்தான் அது, நன்னீர் மீன். அதையும் சுத்திகரித்து, கிளிசரினில் பதப்படுத்தி, கதிர்வீச்சால் கிருமி நீக்கித்தான் வைத்தார்கள். சந்தையில் வாங்கிய மீனின் தோலை உரித்துப் புண்ணில் வைப்பது காலை இழக்கும் வழி. கடல் தண்ணீரில் காலை நனைத்தால் புண் ஆறும் என்ற நம்பிக்கையும் அப்படியே. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி சர்க்கரை நோயாளியின் திறந்த புண்ணில் புகுந்தால் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆய்வகத்தில் இருப்பவை

கடற்பாசியிலிருந்து வரும் ஃபியூகாய்டன், உல்வான், அப்புறம் கடற்பஞ்சு, கடல் அட்டைச் சாறு என்று இன்னும் நிறைய உண்டு. மலேசியாவில் கடல் அட்டை எண்ணெய் காலங்காலமாகக் காயத்துக்குப் பூசும் மருந்து. இந்தியாவில் கடல் அட்டையைப் பிடிப்பதே 2001 முதல் குற்றம், யாராவது கொண்டுவந்து விற்றால் பக்கத்தில் போகாதீர்கள். இவற்றின் ஆய்வுகள் பெரும்பாலும் எலியோடு நிற்கின்றன. எலியின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசை அடுக்கு உண்டு, காயம் பட்டால் அது சுருங்கியே பாதிப் புண்ணை மூடிவிடும். மனிதப் பாதத்தில் அந்த வசதி இல்லை. உணர்ச்சி மரத்து, ரத்த ஓட்டம் குறைந்து, ஒவ்வோர் அடிக்கும் உடல் எடை முழுவதும் அழுத்தும் புண் எலிக்கு வருவதும் இல்லை.

பணம் முதலில் எங்கே போக வேண்டும்

மேலே சொன்ன எதையும் வாங்குவதற்கு முன் காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்துக் கையோடு ஒப்பிடும் ஏ.பி.ஐ. சோதனை எளிது, ஆனால் சர்க்கரை நோயாளிகளிடம் அது ஏமாற்றும். ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருப்பதால் எண் நன்றாக இருப்பது போலக் காட்டும். கால் விரலில் அழுத்தம் பார்ப்பதும், ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரும் சேர்ந்தால்தான் படம் தெளிவு. அடைப்பு இருந்து, அதைச் சரிசெய்யாமல் லட்ச ரூபாய் மீன் தோலை ஒட்டினாலும் அது அழுகித்தான் விழும்.

அடுத்தது பாரம். உள்ளங்காலில் புண்ணை வைத்துக்கொண்டு அதே காலால் நடந்தால் எந்தக் கட்டும் நிற்காது. வலி தெரியாததால் நோயாளி நடந்துகொண்டேதான் இருப்பார். 1930களில் இந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஆற்றினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளிடம் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட் அந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார், அங்கே அது சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் வந்தது. காலோடு முழுக்க ஒட்டியிருக்கும் அந்தக் கட்டு, புண் இருக்கும் இடத்தின் அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பகிர்ந்துவிடும். கழற்ற முடியாது என்பதுதான் அதன் பெரிய பலம். ரத்த ஓட்டம் சரியாக இருந்து, கிருமித் தொற்றும் இல்லாத உள்ளங்கால் புண்ணுக்கு இன்றும் முதல் சிகிச்சை இதுதான். நம் மருத்துவமனைகளில் இதைப் போடத் தெரிந்தவர்கள் குறைவு, கேட்கிற நோயாளிகள் அதைவிடக் குறைவு. மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு புண் ஆறிய பிறகு மறுபடி வராமல் காக்கும், புண் இருக்கும்போது அது மட்டும் போதாது.

ஆக, கையில் ஐயாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் என் கணக்கு இப்படி: முதலில் ரத்த ஓட்டச் சோதனை, அடுத்து மாவுக்கட்டு அல்லது பாரம் தாங்கும் பூட்ஸ், மிச்சத்தில் நீர் வடிந்தால் ஆல்ஜினேட், வடியவில்லை என்றால் ஒட்டாத சாதாரணக் கட்டு. கைட்டோசானைச் சுத்தம் செய்யும் நாளுக்கு மட்டும் மருத்துவர் கேட்டால் வாங்கலாம். கொலாஜனுக்கு நான் காசு ஒதுக்க மாட்டேன்.

மீன் தோலைப் பற்றிப் பேசும் நேரம் நான்கு வாரம் கழித்து வரும். சுத்தமான பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மேல் வைத்து மார்க்கரால் ஓரத்தை வரைந்து தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். மேலே சொன்னதெல்லாம் ஒழுங்காக நடந்தும் நான்கு வாரத்தில் பரப்பளவு பாதியாகக் குறையவில்லை என்றால், இந்தப் பாதையில் அது தானாக மூடும் வாய்ப்புக் குறைவு. அப்போது மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்: மீன் தோலா, அல்லது தொடையிலிருந்து நம் சொந்தத் தோலை எடுத்து ஒட்டுவதா? பின்னதை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் செய்கிறார்கள், செலவு பல மடங்கு குறைவு. தோல் எடுத்த இடத்தில் இன்னொரு புண் ஆற வேண்டும், குதிகால் போல் பாரம் விழும் இடத்தில் ஒட்டிய தோல் அதிக நாள் தாங்காது என்பது அதன் குறை. புறங்காலில், ரத்த ஓட்டம் நன்றாக உள்ள புண் என்றால் சொந்தத் தோலையே தேர்ந்தெடுப்பேன். எலும்பு தெரியும் குழிப்புண், மயக்க மருந்து தாங்காத இதயம், கையில் பணமும் இருக்கிறது என்றால் மீன் தோலைக் கேட்பதில் தவறில்லை. எத்தனை துண்டு தேவைப்படும், எத்தனையாவது துண்டோடு நிறுத்துவோம் என்பதை முதல் துண்டு வைக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.